மலையேற்றும் அடி

ஏலத்தோட்டத்துக் காளியம்மனுக்கு அந்த வருடம் பொங்கல் வைத்தபோது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுக்க இருந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா இருந்தார்கள். சாமியாடும் அத்தை மஞ்சள் சேலையில் ஈரத் தலையோடு நின்றாள். அத்தையின் வீட்டுக்காரர், உறுமி அடிக்கும் மாமா மட்டும் இல்லை. இதெல்லாம் கண்ணில் படக்கூடாது என்று காலையிலேயே மலைக்குக் கீழே போடி டவுனுக்கு இறங்கிவிட்டார்.

மாமாவின் அப்பாவும் தாத்தாவும் உறுமிக்காரர்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து மாமா எழுப்பும் முனகலுக்குத்தான் அத்தைக்குச் சாமி வரும். வேறு யார் அடித்தாலும் வராது. போடியில் ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கிய பிறகு மாமா குடியை விட்டார். இனி கோயிலுக்கு உறுமி தொடுவதில்லை என்று சபையார் முன்னால் வாக்கும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டிரம்ஸ் வாசித்தார். பாட்டுக்கு நடுவே அவர் கை தன்னை அறியாமல் உறுமி நடைக்குப் போவதையும், போதகர் திரும்பிப் பார்த்ததும் மீள்வதையும் நான் பார்த்திருக்கிறேன்.

முந்தைய வருடம் மாமா அடித்த உறுமி அடி சித்தப்பாவின் செல்போனில் பதிவாகி இருந்தது. "மச்சான் வராட்டிப் போறாரு, மச்சான் கை இருக்குல்ல?" என்று அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். சாமி வந்தது. குறியும் சொன்னது. சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

வந்த சாமியை மலையேற்றி அனுப்ப வேறோர் அடி உண்டு. போனில் அது இல்லை. முந்தைய வருடம் அந்த நேரத்தில் சித்தப்பா கறிச்சோற்றுக்குப் போயிருந்தார்.

அத்தை ஆடிக்கொண்டே இருந்தாள். திருநீறு போட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். அப்பா ஒரு தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார். "எவன்டா தகரம் தட்டுறவன்? கூப்பிட்ட கையே அனுப்பட்டும்டா" என்றது சாமி. அத்தையின் கால்விரல்களில் ரத்தம் கசிந்தது. அம்மா அழத் தொடங்கிய பிறகுதான் போடிக்கு ஜீப்பை விட்டார்கள்.

மாமா வந்து இறங்கியபோது அத்தை நிற்க முடியாமல் மண்டியிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். கோயில் திண்ணையில் கிடந்த தன் உறுமியைத் தொடாமல் மாமா அவளையே பார்த்தார்.

"வாக்குக் குடுத்துட்டேனே மாப்ளே" என்றார் அப்பாவிடம்.

"கூப்பிட மாட்டேன்னுதான மச்சான் வாக்கு? போகச் சொல்றதுக்கு உங்க போதகரு வேணாம்னா சொல்லப்போறாரு?" என்றார் சித்தப்பா.

சுற்றி நின்றவர்கள் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு உறுமியைத் தோளில் மாட்டினார். கொஞ்ச நேரம்தான் அடித்தார். அத்தை அவர் காலடியில் சரிந்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "எப்ப வந்தீக? சாப்டீகளா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு மாமாவோடு சபைக்குப் போனேன். டிரம்ஸில் வேறோர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மாமா கடைசி வரிசையில் இருந்தார். கோயிலில் அடித்த கை கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும் என்று போதகர் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். நல்லதுதானே, மாமாவுக்கும் ஓய்வு வேண்டாமா என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை. கோயிலுக்கும் அவர் திரும்பவில்லை.

அந்த வருடத்துப் பொங்கல் செலவைச் சனத்துக்கு வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அன்று மாமாவை வரவழைத்ததற்கு ஆன செலவு அவ்வளவுதான் என்ற நம்பிக்கையோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே வாசித்தேன்: ஜீப்பு வாடகை, ஆயிரத்து இருநூறு ரூபாய்.