நீல் டல்லக் குறை சொன்ன நாள்

மரக்கிளை விழுந்து தோள் முறிந்தபோதும் "மோசமில்ல" என்று சொன்ன ஒரு மனிதன், தன் மகளுக்காகவாவது "மோசம்" என்று சொல்வானா? நீல் டல்லக்கின் வாழ்க்கை கேட்டது இதைத்தான். தத்துவம் படிக்கிறவர்களுக்குச் சின்னக் கேள்வியாகத் தெரியலாம். தெற்குத் தீவின் கோடியில், எங்கள் சவுத்லாந்தில் மாடு வளர்க்கிறவர்களுக்கு அப்படித் தெரியாது.

எங்கள் பக்கத்தில் குறை சொல்வது கெட்ட வார்த்தை பேசுவதைவிடக் கேவலம். வெள்ளம் வேலியை அடித்துக்கொண்டு போனால் "கொஞ்சம் ஈரம்". மனைவி பிரிந்து போனால் "வீடு அமைதியா இருக்கு". நீல் இதில் ஊறியவன். அவனுக்கும் மனைவி கிர்ஸ்டிக்கும் பிறந்த ஐல்சாவுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள், அவ்வளவுதான்.

ஊர்ப் பாலர் பள்ளியின் தலைமை ஆசிரியை பிரான்வின், குழந்தைகளைப் பற்றி நல்லதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. மணல்தொட்டியில் ஐல்சா தனியாக உட்கார்ந்திருந்தால், "இன்னைக்கு அவ மௌனத்தோட ஒரு உறவ வளர்த்துக்கிட்டா" என்பார். தத்துவம் இத்தனை படித்தும் எனக்கு வாய்க்காத உறவு.

ஐல்சாவின் பக்கத்திலேயே இருந்து பேச்சுப் பழக்க ஒரு துணையாசிரியை வேண்டும். அதற்கு அரசு அலுவலர் மெரிலின் பள்ளிக்கு வந்து விசாரித்து ஒப்புக்கொள்ள வேண்டும். கிர்ஸ்டிக்குக் கால்நடை மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை. நீல் போனான்.

"வீட்ல எப்படி இருக்கா?"

"மோசமில்ல."

"அவளுக்கு என்ன வேணும்னு புரியாம கஷ்டப்படுறீங்களா?"

"சமாளிக்கிறோம்."

பிரான்வின் தன் பங்குக்கு மௌன உறவை விவரித்தார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குழந்தையை நல்ல சொற்களில் புதைத்தார்கள். மெரிலின் ஒரு சீஸ் ரோலைத் தின்று முடித்து, துணையாசிரியை தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். காதில் விழுந்ததை வைத்துப் பார்த்தால் சரியான முடிவு.

"'சமாளிக்கிறோம்'னா சொன்ன?" என்றாள் கிர்ஸ்டி. "மாட்டுக்கு மடிநோய் வந்தா டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவ? மடி மோசமில்லன்னா?"

"அது மாடு."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐரிஸ் நடத்தும் பள்ளி இருந்தது. இருவரும் ஐல்சாவை அங்கே கூட்டிப்போனார்கள். ஐரிஸ் வடக்குத் தீவுக்காரி. வாய்க்காரி என்று பெயர். ஐல்சாவோடு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து சொன்னாள்: "இந்தப் புள்ளைக்குப் பேச்சு வரல. இவ்ளோ நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மரியாத தெரியாத பொம்பள" என்றான் நீல், வண்டியில்.

"மரியாத தெரியல. கண்ணு தெரியுது" என்றாள் கிர்ஸ்டி.

ஆனால் அரசு ஒப்புக்கொள்ளாமல் அங்கேயும் துணையாசிரியை கிடையாது.

பிறகு ஒரு மாலை ஐல்சாவைக் காணவில்லை. தொழுவத்துக் கழிவு தேங்கும் சாணிக்குளத்தின் ஓரமெல்லாம், அக்கம்பக்கத்தார் நாங்களும் சேர்ந்து, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே தேடினோம். கடைசியில் கன்றுக்கொட்டிலின் கம்பிகளுக்கு நடுவில் கால் மாட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தைத் தாண்டி நீல் எத்தனையோ தடவை ஓடியிருந்தான். அவன் கூப்பிட்டதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

மறுநாளே மெரிலினுக்குப் போன் செய்து இன்னொரு முறை வரச் சொன்னான். அந்த வாரம் பால் கறக்கும்போது மாடுகளிடம் ஒத்திகை பார்த்தான். "மோசம், மோசம்னு சொல்லிட்டிருந்தாம்ப்பா. பால் விலதான் விழுந்துருச்சோன்னு நான் ஓடிப்போய் ரேடியோவப் போட்டேன்" என்றார் அடுத்த பண்ணைக்காரர்.

மெரிலின் வந்தார். அதே அறை.

"மோசம்" என்றான் நீல். எல்லோரும் நிமிர்ந்தார்கள். "குளத்துல விழுந்துட்டான்னு நெனச்சேன். 'இங்க'ன்னு ஒரு வார்த்த வந்திருந்தா போதும். அது வரல அவளுக்கு."

பிரான்வின் மெல்ல ஆரம்பித்தார்: "இருந்தாலும் அவகிட்ட இருக்கிற நல்ல விஷயம் என்னன்னா..."

"நீங்க நல்லவங்க, பிரான்வின். கொஞ்சம் சும்மா இருங்க."

துணையாசிரியை கிடைத்தார். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் அங்கே வருவார் என்றார் மெரிலின். நீல் புலம்ப ஆரம்பித்துவிட்டான் என்று ஊர் வருத்தப்பட்டது. பெரியவர் ஒருவர் அவன் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். பிரான்வின் மன்னித்து, ஐல்சாவின் பெயரெழுதி, கோட் மாட்டும் கொக்கி ஒன்றைச் சுவரில் அடித்தும் வைத்தார். கிர்ஸ்டிக்கும் அலைந்து அலுத்துவிட்டது. "பக்கத்துல இருக்கறதே போதும், நீல். துணைக்குத்தான் ஆள் வர்றாங்களே" என்றாள். அவன் சரி என்றான்.

திங்கட்கிழமை காலை அவன்தான் கூட்டிப்போனான். பிரான்வின் வாசலில் நின்று கையசைத்தார். நீல் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு, நிறுத்தாமல் பாலத்தைக் கடந்து ஐரிஸ் பள்ளிக்குப் போனான். ஏன் என்று கிர்ஸ்டியிடம்கூட அவன் சொன்னதில்லை.