மதில் சுவருக்கு வெளியே ஒரு ரசிகை

போன வியாழக்கிழமை காலை வாசலில் எல்லம்மாவின் குரல். கோவளத்திலிருந்து எங்கள் செம்பாக்கம் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். ஒன்றரை மாதம் ஊரில் இல்லாமல் போய்த் திரும்பியவள் நான். நல்ல சங்கராவாக நாலு எடுத்து வைப்பார் என்று ஆசையோடு கதவைத் திறந்தால், கூடையை இறக்கக்கூட இல்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பொண்ணாண்ட போயிட்டு வந்துட்டியா? இந்தவாட்டியாச்சும் உள்ள போயி ஆட்டத்தப் பாத்தியா? இல்ல, அந்த ஊர்லயும் செவுத்தாண்டயே நின்னுகினு இருந்தியா?"

தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கிளிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

சரி, எதிர் வீடு வரைக்கும் போன பிறகு உங்களிடம் மட்டும் எதற்கு ஒளித்துவைக்க வேண்டும்? சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியில் யாரை எல்லாம் கிண்டல் செய்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். புது ஸ்கூட்டரின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்கள், பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்புகிறவர்கள், ராகுகாலம் முடியும்வரை ஆபீஸ் கேட்டில் நிற்கிறவர்கள் — ஒருவரையும் விட்டதில்லை. அப்படிப்பட்ட நான், பெற்ற மகள் வாலிபால் ஆடுவதைப் பதினான்கு வருடமாகக் கண்ணால் பார்க்காமலே இருந்தேன். காரணம்? நான் பார்த்தால் ராசியில்லை!

சிரித்து முடித்துவிட்டீர்களா? மேலே படியுங்கள்.

பவித்ரா அப்போது ஒன்பதாம் வகுப்பு. தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் இறுதியாட்டம். அதற்கு முன் நான் பார்த்த இரண்டு ஆட்டங்களிலும் அவள் டீம் தோற்றிருந்தது. அது மனசில் லேசாக உறுத்தினாலும், அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். நான் கேட்டுக்குள் நுழைந்தபோது பவி வலைக்கருகே நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த பந்துக்கு எம்பிக் குதித்தவள், எதிர் டீம் பெண்ணின் கால்மேல் வந்து இறங்கினாள். கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் கண்தான். இனிமேல் பார்க்க மாட்டேன்.

கட்டுப் பிரித்து அவள் மறுபடி ஆட ஆரம்பித்த பிறகு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஸ்கூட்டரில் பிராக்டிசுக்குக் கொண்டுவிடுவது நான். திரும்ப அழைத்து வருவது நான். மேட்ச் என்றால் மட்டும், "ஆபீஸ்ல ஆடிட்டிங்டி... நீ ஆடு, நான் முடியறப்ப வரேன்." அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியை மதில் சுவருக்கு வெளியே நிறுத்தி, அங்கேயே நிற்பேன். எங்கேயும் போக மாட்டேன். அந்தச் சுவரோரம்தான் அப்போது எல்லம்மாவின் மீன் கடை. எங்கள் சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

நின்று நின்று எனக்கு ஒரு வித்தை கைவந்தது. கேட்டே ஆட்டத்தைத் தெரிந்துகொள்வேன். சர்வ் போடுவதற்கு முன் பவி பந்தைத் தரையில் மூன்று தட்டுத் தட்டுவாள். அவள் அடித்தால் பந்து தரையில் விழுகிற சத்தமே வேறு. விசில், கூச்சல், "பவி! பவி!" என்று தோழிகளின் கத்தல்... அத்தனையையும் கூட்டிக் கழித்து, "எல்லம்மா, பன்னெண்டு - ஒன்பது. நம்மதான் முன்னால" என்பேன். அவர் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "பேஜாரான ஆளும்மா நீ" என்பார்.

பவி படித்தாள். நாவலூரில் ஒரு வருடம் வேலை பார்த்தாள். அப்புறம் ஜெர்மனியில் கார் பிரேக் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்ல முயன்றால் எனக்குத் தும்மல் வருகிறது, விட்டுவிடுகிறேன். போன இரண்டாவது மாதமே அந்த ஊர் வாலிபால் கிளப்பில் சேர்ந்துவிட்டாள். மேட்ச் நாளில் லைவ் லிங்க் அனுப்புவாள். எங்கள் வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து பார்ப்பார். நான் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு நிற்பேன். "பாத்தியாம்மா?" என்று போனில் கேட்டால், "நெட் சுத்திக்கிட்டே இருந்துச்சுடி."

இந்த வருடம் இரண்டு விமான டிக்கெட் அனுப்பிவிட்டாள். நாங்கள் போய் இறங்கியதும், "ஞாயித்துக்கிழமை ஹோம் மேட்ச். இந்தத் தடவை ஆடிட்டிங் கிடையாது, நெட் பிரச்சனையும் கிடையாது" என்றாள்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். ஹோம் மேட்ச் நடக்கும்போது ஆடுகிறவர்களின் வீட்டார் கேக் செய்துகொண்டுவந்து, ஹாலுக்கு வெளியே வராந்தாவில் மேஜை போட்டு, காபியோடு விற்க வேண்டும். டீம் செலவுக்கு அதுதான் வழி. விஷயத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வராந்தாவா? அங்கிருந்து கோர்ட் தெரியுமா? தெரியாது. "மேஜையை நான் பார்த்துக்கறேன்!" என்று முந்திக்கொண்டேன்.

அம்மாவுக்கு இவ்வளவு ஆர்வமா என்று பவி கண்களை விரித்தாள். வீட்டுக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவருக்கு எல்லாம் தெரியும். "அங்க போயும் சமையல் வேலைதானா?" என்றார். முறைத்தேன். அடங்கிவிட்டார்.

கேக் எனக்கு வராது. கேசரி வரும். நெய்யும் முந்திரியும் தாராளமாகப் போட்டு, தட்டில் கொட்டி, வில்லை வில்லையாக வெட்டி எடுத்துப்போனேன். 'ரவை கேக்' என்று பவி அந்த ஊர் பாஷையில் அட்டை எழுதி வைத்தாள். என்னோடு மேஜையில் நின்றவர் மோனிகா, டீம் கேப்டனின் அம்மா. கேசரியின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "கேரட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஃபுட் கலருக்கு எந்த பாஷையில் விளக்கம் சொல்வது?

ஆட்டம் ஆரம்பித்தது. கதவு சாத்தியிருந்தது. மோனிகா காபி ஊற்ற, நான் கேசரியை எடுத்து வைக்க, காது மட்டும் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு. விசில். தட்டென்று ஒரு சத்தம். கூச்சல். அடடா, அதே சத்தம்! தாம்பரத்தில் கேட்ட அதே அடி, இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால். என்னை அறியாமல், "பாயின்ட்!" என்று கத்திவிட்டேன். மோனிகா திடுக்கிட்டுக் காபியைச் சிந்திவிட்டார்.

முதல் செட் இவர்கள். இரண்டாவது அவர்கள். மூன்று இவர்கள், நான்கு அவர்கள். கடைசி செட்டில்தான் முடிவு. இடைவேளை மூன்றே நிமிடம். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பவி வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்தவள் பிடிக்கவில்லை. என் முன்னால் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே. நான் ஆடறது உனக்குப் பிடிக்கவே இல்லைல்ல?"

கையிலிருந்த கரண்டியால் கேசரி வில்லைகளை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தேன்.

"எல்லார் வீட்லயும் வந்து உக்காருவாங்க. அப்பா வருவாரு. நீ மட்டும் விட்டுட்டுப் போயிடுவே. வெயில்ல கறுத்துப் போறேன்னு உனக்குக் கோபம்னு நெனைச்சேன். இங்க வந்தும் கேசரிதானா? பிடிக்கலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா..."

குரல் உடைந்துவிட்டது. இருபத்தெட்டு வயதுப் பெண். ஆறு பேர் டீமிலேயே உரக்கக் கத்துகிறவள். என் எதிரில் ஒன்பதாம் வகுப்பு மாதிரி நிற்கிறாள்.

இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்! பதினான்கு வருடம் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நின்றவள் நான். அவளோ அத்தனை வருடமும் அம்மாவுக்குப் பிடிக்காததைச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

"பிளஸ் ஒன்ல செமி ஃபைனல்," என்றேன். "நாலாவது செட்டு. தொடர்ந்து ஆறு சர்வ் போட்டே. ஏழாவது நெட்ல மாட்டிச்சு. உங்க கோச் 'பரவால்ல பவி'ன்னு கத்துனாரு."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் ஆபீஸ் போயிட்டியே?"

"போகலைடி. ஒரு நாளும் போகலை. காம்பவுண்டு சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். எல்லா மேட்ச்சுக்கும். எல்லம்மாவைக் கேட்டுப் பாரு. நான் பாத்தா உனக்கு அடிபடும்னு... அன்னிக்கு நான் உள்ள வந்ததாலதான் உன் கால் உடைஞ்சுதுன்னு..."

பவி என்னையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பொங்கிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீரும் வழிகிறது.

"லூசாம்மா நீ? ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமா பகுத்தறிவு எழுதறியே!"

உள்ளே விசில். அவள் ஓடினாள். கதவருகே திரும்பி, "கால் போனாலும் பரவால்ல, உள்ள வா!" என்று கத்திவிட்டுப் போனாள்.

பாஷை புரியாவிட்டாலும் மோனிகாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, என் முதுகில் கைவைத்துக் கதவுப் பக்கம் தள்ளினார். வெளியில் போட்டு நடக்கிற காலணியோடு உள்ளே போகக்கூடாது என்று வாசலில் படம் போட்டிருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவது நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் விட்டார்.

முதல் ஐந்து பாயின்ட் எனக்கு ஆட்டமே தெரியவில்லை. அவள் குதிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். இறங்கிவிட்டாள் என்று காலடிச் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன். பழைய பழக்கம்! "கண்ணைத் திற, டிக்கெட் போட்டு வந்திருக்கோம்" என்றார் இவர்.

திறந்தேன். எவ்வளவு உயரம் எழும்புகிறாள் என் பெண்! சுவருக்கு வெளியே நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்? சர்வ் போடுவதற்கு முன் உள்ளங்கையை இடது முழங்காலில் துடைத்துக்கொள்கிறாள், அதுவும் தெரியாது. யாராவது தப்புச் செய்தால் முதலில் ஓடிப்போய் முதுகில் தட்டுகிறவள் இவள்தான். பந்தைத் தவறவிட்டுத் தரையில் உருண்டுவிட்டு எழுந்திருக்கும்போது சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எத்தனை ஆட்டத்தில் விட்டிருக்கிறேன்! அப்படி ஒரு சந்தோஷம், அப்படி ஒரு வயிற்றெரிச்சல், இரண்டும் சேர்ந்து வந்தன.

பதின்மூன்று - பதினான்கு. ஒரு பாயின்ட் விட்டால் தோல்வி. பந்து பவிக்கு வந்தது. எம்பினாள், அடித்தாள்... கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை!

தோற்றுவிட்டார்கள். அதுவும் அவள் அடித்த பந்தில்.

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. பார்த்தீர்களா? நான் சொன்னேனா இல்லையா? உள்ளே வந்து அரைமணிகூட ஆகவில்லை! செருப்பைத் தேடி எழுந்தேன். அதற்குள் பவி எதிரணியினரோடு கைகுலுக்கிவிட்டு நேராக என்னிடம் ஓடிவந்தாள். வியர்வையோடு கட்டிப்பிடித்தாள்.

"பாத்தியாம்மா?"

"தோத்துட்டியேடி..."

"அதையும் பாத்தியா இல்லியா? அது போதும் எனக்கு!"

குனிந்து அவள் கால்களைப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

மிச்சமிருந்த கேசரியைச் சுற்றி நின்றுகொண்டு டீம் முழுக்க இந்தக் கதையைக் கேட்டது. பவி ஜெர்மனில் சொல்லச் சொல்ல, நான் கூசிப்போய் நின்றேன். வெள்ளைக்காரப் பெண்கள், படித்தவர்கள், சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை! ஒருத்தி காலைத் தூக்கிக் காட்டினாள்: சீசன் ஆரம்பித்ததிலிருந்து அதே சாக்ஸ்தானாம். இன்னொருத்தி எப்போதும் இடது ஷூவைத்தான் முதலில் போடுவாளாம். கேப்டன் லேனா முன்பு ஜெயித்த நாளில் கட்டிய ரிப்பனை இன்றுவரை மாற்றவில்லையாம். நம்மூர் எலுமிச்சம்பழம் எவ்வளவோ சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அந்தப் பெண்கள் அதை வெளியே காட்டி, விளையாட்டாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் மூடி வைத்தேன். மூடி வைத்ததற்குப் பிள்ளை தானாக ஒரு அர்த்தம் எழுதிக்கொண்டுவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி எதையாவது மூடி வைத்திருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் லேனா நெடுநேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னாள். பவி அதை எனக்கு மொழிபெயர்ப்பதற்குள் மூன்று தடவை சிரித்தாள். "ஆன்ட்டியோட ராசி வீணாகக் கூடாது. அடுத்த மேட்ச்ல எதிர் டீம் பக்கம் உக்காரட்டும்!"

உட்கார்ந்தேன். சத்தியமாக! இரண்டு வாரம் கழித்து நடந்த ஆட்டத்தில் எதிரணி ஆடுகிற பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். ஒவ்வொரு செட் முடிந்து பக்கம் மாறும்போதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் மாறினேன். எதிரணிக்காரர்கள், பாவம், என்னைத் தங்கள் ரசிகை என்று நினைத்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். மூன்று நேர் செட்டில் தோற்றார்கள்.

ராசிதான் காரணமா என்று கேட்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எதிரணிப் பக்கம் உட்கார்ந்தால், வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மகளின் முகம் நேருக்கு நேர் தெரிகிறது!