அம்மாவின் காதுக்குப் பின்னால்

ஒரு காய்ச்சலில் அம்மாவின் இரண்டு காதுகளும் போயின. சாதாரணக் காது மெஷின் எதுவும் உதவவில்லை. லைட்டைப் போட்டு அணைத்துத்தான் அவளைக் கூப்பிடுவோம். ரெட்டியார்பாளையத்து வீட்டுக்குள் எந்நேரமும் மின்னல். பிறகு காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். உள்காதுக்குள் மெல்லிய கம்பி, காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்ட வில்லை. கெட்டுப்போன இடத்தைத் தாண்டி சத்தம் நேராக நரம்புக்கே போகும் என்று அப்பா வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கினார். பழக மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்.

மெஷினை இயக்கிவைத்த வாரமே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவள் அம்மா. அவளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, பழைய இடத்திலேயே, ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரவைத்தோம். கீபோர்டு வாசித்தது அத்தை, அப்பாவின் தங்கை. முதல் பாட்டு இரண்டு அடி தாண்டவில்லை, அம்மா வில்லையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள். "அவ்ளோ கண்றாவியாவா பாடுனோம் அண்ணி?"

அம்மா அவள் உதட்டைப் படித்தாள். "பாட்டாவே கேக்கல. தகரத்த ரோட்டுல இழுத்துக்கினு போற மாதிரி இருக்குது. யார் பேசுனாலும் அப்பிடித்தான்."

"கழட்டி வெச்சா எப்பிடிப் பழகும்? அப்புறம் எப்பவுமே கேக்காது" என்றார் அப்பா, அவள் பார்க்கும்படி, மெதுவாக.

அன்று முதல் பயிற்சி என் தலையில் விழுந்தது. பரீட்சை அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு நான் படிக்க வேண்டும். அம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். எதற்கும் "என்னா?" என்றாள். நான் கத்தினேன். அறிவியல் பாடம் முழுவதையும் கத்தினேன். அம்மாவின் நெற்றி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. கை ஒருமுறை தலையில் இருந்த வில்லைக்குப் போய், ஆபரேஷனுக்கு மழித்து வளர்ந்துகொண்டிருந்த முடியைத் தடவிவிட்டு இறங்கியது.

"போதுமாம்மா?" என்று அட்டையை இறக்கிக் கேட்டேன்.

"நீ படி கண்ணு."

இப்படியே மாதங்கள். ஒரு சாயங்காலம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தவளிடம், பசிக்கிறது என்றேன். திரும்பாமலே, "தோச ஊத்தட்டா?" என்றாள்.

பார்க்க வந்த அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒங்க பாட்டுக்குத்தான் அத்த கழட்டுனாங்க. நான் படிச்சப்ப ஒரு நாள்கூட கழட்டல."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா களைத்த கண்களோடு சிரித்தாள். என் குரல் அவ்வளவு இனிமையாக்கும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.