அற்புதமலர் அன்ரியின் ஒரு மணித்தியாலம்

இத்தாலியின் பலேர்மோவில் இருந்து லண்டனுக்கு ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு கிலோமீற்றர். விமானத்தில் மூன்று மணித்தியாலம். ஆனால் காலை ஒன்பதுக்கு ஏறினால் அங்கே பதினொன்றுக்கு இறங்கலாம். லண்டன் மணிக்கூடு எங்களுடையதைவிட ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. கணக்கில் இரண்டுமுறை கோட்டை விட்ட எனக்கே இது விளங்கியது. அற்புதமலர் அன்ரிக்கு விளங்கவில்லை.

அன்ரி எங்கள் மேல்வீட்டுக்காரி, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாள்களில் கால்சாப் பகுதியில், சினியோரா என்று அழைக்கும் தொண்ணூற்றொரு வயது இத்தாலிய அம்மாவுடன் தங்கி வேலை. பதினாறு வருடம், ஒரே கைமணிக்கூடு. கண் விழிப்பதும் ஏழு மணிக்கு மருந்துக் குளிசை கொடுப்பதும் அதைப் பார்த்துத்தான். போன் கைப்பைக்குள் உறங்கும்.

லண்டனில் அன்ரியின் அக்கா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் பகல் இரண்டு மணிக்குத் தேவாலயத்தில் இறுதிப் பூசை. அதற்கு முன் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். ஒன்பது வருடமாகக் காணாத முகம்.

"அங்கை இறங்கினதும் மணிக்கூட்டை மாத்துங்கோ அன்ரி. இல்லாட்டி பிந்திப்போச்செண்டு நடுறோட்டிலை நிண்டு குழறுவியள்."

"என்ர மணிக்கூட்டிலை கை வைச்சியோ, முறிச்சுப்போடுவன் ஜெனுஷா. சினியோராவின்ர மருந்து இதிலைதான் ஓடுது."

வார் பிய்ந்திருந்தது. ஒட்டித் தருகிறேன் என்று வாங்கினேன். ஒட்டினேன். அப்படியே முள்ளையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன். உப்புப் போத்தலில் சீனி போட்டவள்தான் நான், ஆனால் இது பகிடி அல்ல. லண்டனில் அவர் பதறக்கூடாது. அதற்கு முதல் பலேர்மோவில் ஒரு காலை விடிய வேண்டும் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பாவும் நானும் காருடன் சினியோரா வீட்டின் கீழே நின்றோம். ஏழேகால் ஆகியும் அன்ரி இறங்கவில்லை. அழைப்பு மணியை அமத்தினேன். இரவு உடுப்போடு பல்கனியில் எட்டிப் பார்த்தார்.

"என்னடி அவசரம்? ஆறேகால்தானே! இன்னும் குளிசை குடுக்கேல்லை."

"இல்லை அன்ரி, ஏழேகால். நான்தான் மாத்தி வைச்சனான்."

அன்ரி சினியோராவுக்குக் குளிசை கொடுத்து, பார்த்துக்கொள்ள வந்திருந்த சினியோராவின் மகள் கியாராவை எழுப்பிவிட்டுத்தான் இறங்கினார். ஏழு முப்பத்தைந்து. எட்டரைக்கு விமானக் கதவு மூடும்.

சுற்றுச்சாலையில் வாகனங்கள் நகர மறுத்தன. அப்பா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்ரி செபமாலையை உருட்டினார். நடுவில் ஒருமுறை மட்டும், "அக்கா, கொஞ்சம் பொறு," என்றார்.

விமான நிலையத்தில் எட்டு இருபது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார். கண்ணாடிக்கு அப்பால் மறைந்தார். ஏறினாரா, தெரியாது. அவருடைய போன் நிறுத்தியிருந்தது.

பகல் இரண்டு மணி ஆகியும் அழைப்பில்லை. பெட்டியை மூடிவிட்டார்கள் என்று படிக்கட்டில் குந்தியிருந்து அழுதேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அங்கே இப்போதுதான் பகல் ஒரு மணி.

இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது.

"முகத்தைப் பாத்திட்டன் பிள்ளை. நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்கிறா." மூக்கை உறிஞ்சினார். "மணிக்கூடு சரியாத்தான் காட்டுது. ஒண்டு நாப்பது."

"அப்ப கோவமில்லையோ?"

"வந்து காதைத் திருகிறன். அதுக்குப் பிறகு முள்ளையும் நீயே திருப்பி வை, எனக்கு முன்னாலை. சினியோராவுக்குக் குளிசை பிந்தக்கூடாது."