ஓடையில் நாளை ஞானஸ்நானம்

நாளைக் காலை ஆனைக்கரைக்குக் கீழே ஓடையில் ஏழு பேருக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். ஆழம் பார்க்க இன்று மதியம் போனேன்.

எங்கள் சபை மூப்பர் முழங்கால் தண்ணீரில் நின்று, ஏலக்காய்ச் செடிகளுக்குப் பூச்சிமருந்து கலக்கிய டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வெளுத்து ஓடியது. கரையோரம் சின்ன மீன்கள் செத்து மிதந்தன.

கடவுள் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைக் காப்பதற்குத்தான் என்று போன ஞாயிறு பிரசங்கம் செய்தேன். எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவர் இவர்தான்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"மருந்தடிக்கலன்னா செடி நிக்காது பாஸ்டர். பிரசங்கத்துக்குப் புழு சாகுமா?"

மூன்று வருஷமாகத் தோட்டத்தைக் காப்பது பற்றித்தான் பிரசங்கிக்கிறேன்.

கரையேறியவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு எம் பொண்ணுக்கு மட்டும் நம்ம வீட்டுத் தொட்டியில வச்சுக் குடுத்துருங்க பாஸ்டர். இந்தத் தண்ணி அவ ஒடம்புக்கு ஒத்துக்காது."

மற்ற ஆறு பேரும் கீழ் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள். அவர்கள் தினமும் குடிப்பதே இந்தத் தண்ணீரைத்தான்.

நாளை அவர்கள் முன்னால் நின்று நான் என்ன பேசுவது?

தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தயவுசெய்து ஆமென் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.