திருப்பி வைத்த பலகை

புது பைன் பலகையும் மெஷின் ஆயிலும் கலந்த ஒரு வாசனை... இருபத்திரண்டு வயதில் என் துப்பட்டாவில் அது எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தச்சுப் பட்டறையில் வேலை என்று நினைத்திருப்பார்கள். நான் இருந்தது தி.நகரில், ஏர் ரைஃபிள் விற்கிற ஒரு சின்னக் கடையில்.

நேற்று எங்கள் பாலவாக்கம் ஃபிளாட் குரூப்பில் ஒருவர், மகளுக்கு ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறேன், லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டிருந்தார். பாயிண்ட் ஒன் செவன் செவன் அளவுக் குண்டு, சக்தி இருபது ஜூலுக்கு மேல் போகாதது என்றால் வேண்டாம், அதைத் தாண்டினால் வேண்டும் என்று பதில் போட்டேன். போட்ட பிறகு வேறு வேலை ஓடவில்லை. அந்தப் பலகை ஞாபகம் வந்துவிட்டது...

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கடையில் ஜூல் என்று யாரும் பேசியதில்லை. பலகைதான் கணக்கு. ஒரு அங்குல கனத்தில் பைன் பலகை. கொல்லைப்பக்கச் சுவரில் சாய்த்து வைத்து, வாங்க வந்தவர் கண் முன்னால் முதலாளி ஒரே ஒரு குண்டு சுடுவார். தைத்து நின்றால் லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி, சீட்டு எழுதிக் கொடுப்பார். மறுபக்கம் வந்துவிட்டால் விற்க மாட்டார். இன்னொரு தடவை சுட்டுப் பாருங்களேன் என்று யார் கெஞ்சினாலும் மசிய மாட்டார். இரண்டாவது சான்ஸ் கொடுத்தால் அதற்குப் பேர் டெஸ்டே இல்லை என்பார்.

பலகை என் பொறுப்பு. தைத்த குண்டுகளை ஊசியால் நெம்பி எடுப்பேன். பலகை முழுக்கப் பொத்தலாகிவிட்டால் மயிலாப்பூர் மரக்கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வர வேண்டும். கூட்டத்தில் பலகையோடு பஸ் ஏறுவது பெரிய பேஜார்... கண்டக்டரின் முணுமுணுப்பு தனி. ஒரு வாரம் சோம்பலாக இருந்தது. பின்பக்கம் வழவழவென்று இருக்கிறதே என்று பலகையைத் திருப்பி வைத்துவிட்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு.

அந்த வெள்ளிக்கிழமைதான் சேவியர் சார் மகளோடு வந்தார். சாந்தோம்காரர், ஸ்கூல் வாத்தியார். மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினைந்து இருக்கும். அதுவரை கிளப் துப்பாக்கியில் பழகியவள். சொந்த ரைஃபிள் இருந்தால்தான் அந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியுமாம். சனிக்கிழமை மதியம்தான் கடைசி. அவள் கேட்ட மாடலில் கடையில் ஒன்றுதான் இருந்தது. கையில் வாங்கியதும் கன்னத்தை அதில் வைத்துப் பார்த்தாள். முகமே மாறிவிட்டது.

முதலாளி சுட்டார். டப்... குண்டு மறுபக்கம் போய்ச் சுவரில் பட்டது.

பவர் அதிகம், இதற்கு லைசென்ஸ் வேண்டும், நான் தர முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். சேவியர் சார் வாக்குவாதமே செய்யவில்லை. சட்டம் என்றால் சட்டம்தானே சார் என்று மகளின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

பலகையை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பழைய முன்பக்கத்தில் ஏற்கெனவே முக்கால்வாசி குடைந்திருந்த ஒரு பொத்தலுக்கு நேர் பின்னால் குண்டு பட்டிருக்கிறது. அங்கே மிச்சம் இருந்தது தோல் மாதிரி கொஞ்சம் மரம். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. வேலை போய்விடுமோ என்று பயம். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம்தான் முதலாளியிடம் சொன்னேன். அவர் திருவல்லிக்கேணிக்காரர், கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். அன்றைக்குக் கத்தவில்லை. பலகையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, நேத்தே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பேரு குடுத்திருக்குமே. ஒரே தரம் சுட்டுட்டு முடிவு சொன்னது எம்மேலயும் தப்புதான். ஆனா அவங்க வூட்டாண்ட போய் சொல்ல வேண்டியது நீ."

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு போய்ச் சொன்னேன். சேவியர் சார் முழுக்கக் கேட்டார். காபி சாப்பிடச் சொன்னார். ஸ்டெல்லா உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை. அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததுமே மரக்கடைக்குப் போய்ப் பலகையோடு பஸ்ஸில் வந்தேன். மதியம் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள்... நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருடத்துக்காவது இருக்கட்டும் என்றார் சார். முதலாளி என் கையிலிருந்த பலகையைத் தானே வைக்கப் போனார். ஸ்டெல்லா தடுத்தாள்.

"அக்காவே வைக்கட்டும் சார்."

அவள் என்னிடம் பேசவில்லை, என்னைப் பற்றித்தான் பேசினாள். நான் பலகையின் இரண்டு பக்கத்தையும் அவளிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அதே ரைஃபிளில் முதலாளி சுட்டார், குண்டு தைத்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி சீட்டு எழுதும் சாக்கில் குனிந்துகொண்டார்.

அடுத்த வருடத்துக்குள் எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டுவிட்டேன். ஸ்டெல்லா பெயர் கொடுத்தாளா, என்ன ஆனாள்... தெரியாது.

இப்போது பெட்டியிலேயே ஜூல் கணக்கு அச்சடித்து வருகிறது. பலகை வேண்டாம், அதைத் திருப்பி வைக்க என்னை மாதிரி ஒருத்தியும் வேண்டாம். நல்லதுதான். குரூப்பில் கேட்டவர் நன்றி மேடம், நாளைக்கே வாங்கிடறேன் என்று போட்டிருந்தார். சீக்கிரம் வாங்கிக் கொடுங்கள், பெயர் கொடுக்கக் கடைசித் தேதி இருந்தால் விட்டுவிடாதீர்கள் என்று எழுதினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை நான் பலகையைக் கையில் எடுத்தபோது அவர்கள் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். கொல்லையிலிருந்து வாசலுக்கு ஓடி வந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.