நாலாம் நம்பர் பனியன்

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘பாபின் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் மிஷினின் அடிநூல் உருளையான பாபினில் நூல் தீர்ந்ததும் மற்றவர்கள் எழுந்துபோய் அதைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அவள் மட்டும் சுற்றிய பாபின்கள் நாலைந்தை எப்போதும் பையில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் தைப்பாள். நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாக உள்ளாடை தைத்த கை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் இல்லை.

கம்பெனி திடீரென்று புது வேலையில் இறங்கியது. இதய நோயாளிகள் போட்டுக்கொள்ளும் பனியன். வெள்ளி பூசிய நூலை நெஞ்சைச் சுற்றித் தைத்துவிட்டால், அது இதயத் துடிப்பை வாங்கி இடுப்போரத்தில் செருகிய தீப்பெட்டி அளவுக் கருவிக்கு அனுப்பும். அங்கிருந்து கம்ப்யூட்டரில் கோடாக ஓடும். துடிப்பு தாளம் தப்பினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டாம். போட்டுக்கொண்டு கடை கண்ணிக்குப் போகலாம்.

இதற்காக வந்த எஞ்சினியர் முப்பது வயதுப் பெண். கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய வெள்ளி நூல் எந்த மிஷினிலும் நிற்கவில்லை, முறுக்கிக்கொண்டு அறுந்தது. மூன்று தையல்காரர்கள் கையை விரித்தபிறகு பாபின் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் நூலை விரலில் வைத்து இழுத்துப் பார்த்தாள்.

“இத நேராத் தைக்கக் கூடாதும்மா. மூச்சு வாங்கினா நெஞ்சு விரியும், நூல் விரியாது. பாம்பு மாதிரி வளைச்சு விட்டுப் பாப்போம்.”

வளைத்துத் தைத்தாள். நூல் நின்றது. எஞ்சினியர் பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க இல்லன்னா என் கதை கந்தல்தான்!”

மறுநாளே அவளுடைய மிஷின் மாடியில் இருந்த சாம்பிள் அறைக்கு ஏறியது. தினமும் அந்தப் பெண்ணோடுதான் மதியச் சாப்பாடு. அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை, அக்கா தங்கை இல்லை. பாபின் அக்கா தன் டப்பாவிலிருந்து பாதியை அவள் தட்டில் தள்ளாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. வீட்டில் பேச்சு முழுக்க அவளைப் பற்றித்தான். “ஒரு பொண்ணு பொறந்திருந்தா இப்படித்தாங்க இருந்திருப்பா” என்று ஒருமுறை கணவரிடம் சொன்னாள். அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பனியனைப் போட்டுப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. தொழிலாளர்களிலேயே பதினோரு பேர் ஒத்துக்கொண்டார்கள். தினமும் மதியம் இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு வழக்கமான வேலையைப் பார்க்க வேண்டும். பேர் எழுதக் கூடாது, நம்பர் மட்டும்தான் என்பது ஏற்பாடு. அளவெடுத்தவளும், ஓரத்தில் சிவப்பு நூலால் நம்பர் தைத்தவளும் பாபின் அக்காதான். அவளுடையது நாலு.

இரண்டாவது வாரமே தகராறு ஆரம்பித்தது.

“அக்கா, நாலாம் நம்பர்ல கோடு கலங்கலா வருதுக்கா. தையல் எங்கயோ லூசா இருக்குமோ?”

எஞ்சினியர் பெண் இப்படிக் கேட்டதும் பாபின் அக்காவுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடத்தில் அவள் தையலை யாரும் லூசு என்று சொன்னதில்லை. பிரித்தாள், மறுபடி தைத்தாள். கோடு நேராகவில்லை. நூலை மாற்றினாள், நூல் ஓடிய நெஞ்சுப் பட்டையின் அகலத்தைக் கூட்டினாள். மாதங்கள் போயின, நாலாம் நம்பர் பனியன் மட்டும் பிடிவாதம் பிடித்தது. ஏழு மாதத்தில் முப்பத்தொரு முறை பிரித்துத் தைத்தாள். ‘கண்ணு மங்கிடுச்சா, கை தளந்துடுச்சா’ என்று தனக்குள் புழுங்கி, போய்க் கண்ணாடிகூட மாற்றிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெண் மட்டும் முகம் சுளிக்கவே இல்லை. தினமும் சாப்பிடும்போது வாஞ்சையாக விசாரிப்பாள்.

“மாடி ஏறினா மூச்சு வாங்குதாக்கா? நெஞ்சு படபடன்னு இருக்கா? ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?”

“வயசாகுதுல்லம்மா, கொஞ்சம் வாங்கத்தான் செய்யுது. நீ சாப்பிடு” என்பாள் இவள். தன்னை இப்படிக் கேட்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று மனம் குளிர்ந்துபோகும்.

கம்பெனி பனியனைப் பற்றி வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் அச்சடித்தது. வெள்ளி நூலைப் பிடித்திருக்கும் பாபின் அக்காவின் கைகள் அதில் படமாக வந்திருந்தன. எஞ்சினியர் பெண் அந்தப் பக்கத்தை மடித்து, “உங்க கை உலகம் பூரா போகப்போகுதுக்கா” என்று ஒரு பிரதியைக் கொடுத்தாள். புத்தகம் முழுக்க ஆங்கிலம். இவளுக்கு எண்களைத் தவிர ஒன்றும் படிக்கத் தெரியாது. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அவள் வலது கையிலிருந்த டம்ளர் தானாக நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள், விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கணவரைக் கூப்பிட்டாள், வாய் குழறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த அவர், அவளைத் தூக்கி வேனில் சின்னப்பிள்ளைகள் உட்காரும் குட்டி இருக்கையில் சாய்த்து, ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். கால் மணி நேரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரத்துப்போனது மட்டும் போகவில்லை.

இதய டாக்டர் நிதானமாக விளக்கினார். “இதயத்தோட மேல் அறைங்க ஒழுங்கா அடிக்கறதுக்குப் பதிலா நடுங்குதும்மா. அதனால ரத்தம் தேங்கிக் கட்டியாகுது. அதுல ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கு. நல்லவேளை, சின்னது. இது எத்தன நாளா இருக்குன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.”

அவள் முகம் மலர்ந்தது. “அதுக்கென்ன டாக்டர், நான் தினமும் எங்க கம்பெனி பனியனப் போட்டுக்கறேன். எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். எங்க எஞ்சினியர் பொண்ணு எடுத்துக் குடுத்துடுவா.” பெருமை தாங்காமல், கணவரை விட்டுப் புத்தகத்தையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் செய்தாள். மடித்த பக்கத்தைக் காட்டி, “இது என் கைதான்” என்றாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வாங்கிப் புரட்டினார். இரண்டு பக்கம் தள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டார். அங்கே ஒரு கோட்டின் படம் இருந்தது. மேசைமேலிருந்த அவளுடைய ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

“உங்க பனியன் என்ன நம்பர்?”

“நாலு.”

அவர் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார். பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ‘தாளம் தப்பிய துடிப்பை எங்கள் பனியன் எவ்வளவு துல்லியமாகப் பிடிக்கிறது என்பதற்கு உதாரணம். நாலாம் எண். பெண், வயது நாற்பத்தாறு. மூன்றாவது வாரத்தில் உறுதிசெய்யப்பட்டது. சிகிச்சை எதுவும் இல்லாமல் தொடர்ந்து ஆறு மாதப் பதிவு. மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதாகவும், தூக்கம் குறைந்திருப்பதாகவும் சொல்கிறார்.’

கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அழவில்லை. “அப்ப தையல் சரியாத்தான் இருந்திருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் எஞ்சினியர் பெண் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே கண் கலங்கிவிட்டது.

“மொதல்ல நானும் தையல்னுதான் நெனச்சேன்கா. அப்புறம்தான் தெரிஞ்சுது. சொல்லிடலாம்னு முதலாளிகிட்டப் போனேன். மருந்து சாப்பிட ஆரம்பிச்சா கோடு நேராயிடும், இன்னும் ஒரே ஒரு மாசம் பதிவு இருக்கட்டும்னார். அப்புறம் இன்னொரு மாசம்னார். பேரில்லாத நம்பர், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்கறதுதான் ஏற்பாடுன்னார்.”

“ஏற்பாடு இருக்கட்டும். தெரிஞ்சப்பறமும் ஏன் என்னைப் பிரிச்சுத் தைக்கச் சொன்னீங்க?”

அதுவரை அவளை ‘நீ’ என்றே பேசிவந்தவள் ‘நீங்க’ என்றதும், அந்தப் பெண் அடிபட்டதுபோல் நிமிர்ந்தாள். பாபின் அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“மேடம், எனக்கு ஒண்ணு மட்டும் செய்யுங்க. மத்த பத்துப் பேரோட கோட்டையும் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க.”

“பேரு கெடையாதுக்கா, நம்பர்தான்…”

“நம்பர் தைச்சவ நான். எது யாருன்னு எனக்குத் தெரியும்.”

மறுநாள் தாள்கள் வந்தன. பயந்தோ, குற்ற உணர்ச்சியிலோ, அந்தப் பெண் அதையாவது செய்தாள். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்து ஒன்பதைச் சரி என்றார். ஏழாம் நம்பரில் நின்றார். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கோடு சில இடங்களில் மூன்று நொடிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. ஏழாம் நம்பர், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன். சைக்கிளில் இருந்து இரண்டுமுறை மயங்கி விழுந்து, வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். பாபின் அக்காவும் கணவரும் அன்றே வேனை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கையோடு அழைத்து வந்தார்கள். அந்த வாரமே நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். “என் தங்கச்சி தந்த உசுரு” என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

டாக்டர் சுகாதாரத் துறை மேலிடத்துக்கு எழுதினார். விசாரணை வந்தது, புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள், சோதனையை நிறுத்தினார்கள். முதலாளி வருத்தம் தெரிவித்து, கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம் அனுப்பினார். அதிலும் ஆங்கிலம்தான்.

அவள் வேலையை விட்டுவிட்டாள். மரத்த விரல்களுக்கு மெல்லிய நூல் பிடிபடுவதில்லை. ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறாள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள், உடம்பு தேவலை. எஞ்சினியர் பெண்ணும் கம்பெனியை விட்டுவிட்டதாகக் கேள்வி. மூன்று கடிதம் போட்டாள், இவள் பிரிக்கவில்லை.

“முதலாளி மேல எனக்குக் கோவமே வரலங்க. அவர் யாரு, நான் யாரு?” என்று ஒருநாள் கணவரிடம் சொன்னாள். “மூச்சு வாங்குதாக்கான்னு கேப்பா பாருங்க… நான் அதைப் பாசம்னு நெனச்சு, தினமும் வாயத் தொறந்து பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன்.”

அவர் வேன் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி போன வாரம், “ஏன்கா, முகம் வாடியிருக்கு, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாளாம். நல்ல பிள்ளைதான். இவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “எதுக்குக் கேக்கற?” என்றாளாம்.